கடனிலிருந்து கரையேறுதல்



பெரியாறு கடலை நெருங்கும் இடத்தில் இரு கிளையாகப் பிரிந்து ஒரு நிலப்பகுதியைத் தீவாக வளைத்துக்கொண்டு செல்கிறது. அத்தீவுக்கு ஏலூர் என்று பெயர். கொச்சி நகரத்தின் வடபுறத்தே அமைந்த அவ்வூரைத் தொழிலாளர் பலர் உத்தியோகமண்டல் என்றே வழங்குவர். தமிழர்க்கு அவ்வூரோடு நெடுநாளைய உறவு உண்டு. திருச்சிராப்பள்ளிப் பக்கத்துத் தொழில் முதல்வராகிய சேஷசாயி பிரதர்ஸ் நிறுவனத்தார், திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய சர் சி. பி. இராமசுவாமி ஐயரின் ஊக்கத்தால், 1943-ஆம் ஆண்டில் ஓர் உரத் தொழிற்சாலைக்கு அங்கே கால்கோள் செய்தனர். விறகை எரித்து வாயு எடுத்து, அவ்வாயுவிலிருந்து அம்மோனியம் சல்பேட் செய்யும் வேலை 1947-இல் தொடங்கிற்று. 'ஃபாக்ட்' என்று நாடறிந்த ஆலை அதுவே.

அந்த ஆலைக்கும் கடன் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு நட்டம் பெருகி, முதலும் கரைந்து, இனி இவ்வாலை நிலைக்குமோ என்று ஐயுறும் நிலை நேர்ந்தது. அப்போது என்ன நிகழ்ந்தது? கணக்குகள் அச்சேறின. செய்தித்தாள்கள் எழுதின. ஒன்றோடொன்று பொருதும் தொழிற்சங்கங்கள் ஒரே பந்தலின் கீழ் அமர்ந்தன. நாடாளுமன்றத்தில் வினாக்கள் எழுந்தன. 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு 1,000 கோடி ரூபாயைக் கடனாக அளித்தது. 2019-ஆம் ஆண்டில், ஆலைக்கு உரிய நிலத்தில் ஏறத்தாழ 480 ஏக்கரைக் கேரள அரசுக்கு விற்பதற்கு மத்திய அமைச்சரவை இசைந்தது. அக்கணக்காண்டின் முடிவில் ஆலை லாபம் காட்டிற்று. கடன் முழுதும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. கடனை நடுத்தெருவில் வைத்துப் பேசினர். பேசியதனால் வழி பிறந்தது என்பதையே கருதுகின்றோம்.

இனி, அதே ஆலையின் மதிலுக்கு வெளியே ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்குக் கடன் வந்தால் நிகழ்வது யாது? அவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். எதிர்வீட்டாருக்குத் தெரியாது. உடன் வேலை செய்வோருக்குத் தெரியாது. பல வீடுகளில் மனைவிக்கும் தெரியாது. ஓர் ஆலை கடன்பட்டால் அதனைத் தொழிலின் இடர் என்கிறோம். ஒரு மனிதர் கடன்பட்டால் அதனை அவருடைய ஒழுக்கக் குறை என்று கருதிவிடுகிறோம். இவ்விரண்டினையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஏலூரிலிருந்து இப்பேச்சைத் தொடங்கினோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்குக் கடன் இரு கரையிலும் உண்டு. ஊரில் அக்காள் மகள் திருமணத்துக்கு வாங்கியது, கிணறு வெட்ட வாங்கியது, நகையை அடகு வைத்தது என ஒரு தொகுதி. வந்த இடத்தில் அறைக்கு முன்பணம், மருத்துவச் செலவு, வேலையில்லாத மாதங்களுக்கு உணவு என மற்றொரு தொகுதி. ஏலூருக்கு எதிர்க்கரையில் எடையாற்றில் இயங்கிய துத்தநாக ஆலை 2014-இல் நின்றுபோயிற்று. அத்தகைய ஆலை ஒன்று நின்றால், அதனை நம்பியிருந்த சுமைதூக்குவோரும் தேநீர்க் கடையினரும் லாரி ஓட்டுநரும் ஒருசேரக் கைமாற்றுக்கு அலைவர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பெரியாற்றங்கரை ஊர்களோடு ஏலூரும் நீரில் மூழ்கியது. பாயும் பாத்திரமும் போனவர்க்கு மறுபடி அடுப்பு மூட்டக் கடனன்றி வேறு வழி ஏது? ஆகவே கடன்பட்டவர் யாவரும் ஊதாரிகள் அல்லர். ஊதாரிகளும் உண்டு, அவர்களுக்கும் வழி வேண்டும் என்பது வேறு செய்தி.

ஊரில் கடன் கொடுத்தவர் இங்கே வரமாட்டார் என்பது ஒரு நிம்மதி போலத் தோன்றும். ஆயின் அவர் ஊரில் இருக்கும் தாய் தந்தையரின் வாயிலில் நிற்பார். இங்கே கடன் கொடுத்தவர்க்கோ, இரவோடு இரவாகத் தமிழ்நாட்டுக்கு ரெயில் ஏறிவிடுவாரோ என்ற ஐயம் எப்போதும் உண்டு. அதனால் அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொள்வார். உள்ளூர்க்காரருக்கு இல்லாத நெருக்கடி இது. பிணைக்கு ஆள் வேண்டுமென்றால் தம் ஊர்க்காரரையே நாட வேண்டும். ஒருவர் தவறினால் பிணை நின்றவரும் கவிழ்வார். ஒரே கிராமத்திலிருந்து வந்த ஐந்தாறு குடும்பங்கள் ஒருவர் கடனால் ஒருவரோடு ஒருவர் பேசாது போவதைக் கொச்சியின் வாத்துருத்தி போன்ற தமிழர் குடியிருப்புகளில் மட்டுமன்று, மும்பையிலும் பெங்களூரிலும் காணலாம்.

வட்டிக்கு மலையாளத்தில் 'பலிச' என்று பெயர். நம் பழைய கல்வெட்டுகளில் 'பொலிசை', 'பலிசை' என்று வழங்கிய சொல்லே அது. நாம் மறந்துவிட்ட சொல்லை அண்டை வீட்டார் காத்து வைத்திருக்கின்றனர். அடாத வட்டி வாங்குவோரை அங்கே 'பிளேடு' என்பர். சதையோடு அறுப்பதனால் வந்த பெயர் போலும். மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் தெருத்தெருவாக வந்து வாரத் தவணை தண்டுவோருள் நம்மவரும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை. 'அண்ணாச்சி' என்ற அன்புச் சொல் கேரளத்துச் சில தெருக்களில் வட்டிக்காரரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. நமக்கு அது பெருமையன்று.

தண்டல் என்னும் முறையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் கிடைப்பது 8,500. மீதம் 1,500 முன்னதாகவே பிடித்துக்கொள்ளப்படும். நாள்தோறும் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். 'நூறு நாளைக்கு ஆயிரத்தைந்நூறுதானே!' என்று தோன்றும். ஆனால் அந்த 8,500-உம் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை; நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம்மிடம் இருந்த தொகை அதில் பாதி, 4,250. அதற்கு நூறு நாள் வட்டி 1,500. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூற்றிருபத்தைந்துக்கும் மேலாகிறது! தவணை தவறினால் கூடும் தண்டத்தை நாம் கணக்கில் சேர்க்கவேயில்லை. இக்கணக்கைத் தனியே இருந்து போட எவரும் துணிவதில்லை. நால்வர் உடனிருந்தால் துணிவு வரும்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. கேரளத்தில் 2012-இல் அடாத வட்டியைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2014-ஆம் ஆண்டில் கடன் தொல்லையால் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பமே மாண்ட செய்தி நாட்டை உலுக்க, 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரால் காவல் துறையினர் வட்டிக்காரர் வீடுகளைச் சோதனையிட்டனர். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாயிலில் கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரு குழந்தைகளோடும் தீயில் மாண்டார். அவர் மனு கொடாதவர் அல்லர். பலமுறை கொடுத்தவர். சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது, அவரோடு அந்தப் படிகளில் ஏறி, 'இவர் மனு என்னவாயிற்று?' என்று கேட்க நாலு பேர் இல்லை. அந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சில் எழுவது இவ்வினாவே.

கடன் தாங்காது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்கேனும் எழுமாயின், அது கடனின் அளவைப் பொறுத்ததன்று. தனிமையின் அளவைப் பொறுத்தது. இருபதாயிரத்துக்கு மாண்டோரும் உளர். இருபது லட்சத்தைத் தீர்த்து எழுந்தோரும் உளர். மனம் இருண்டு வரும் வேளையில் 14416 என்ற எண்ணை அழைத்தால் எக்காலத்தும் ஆள் உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசிப் பணி அது. எந்த மாநிலத்தில் இருப்பினும் தமிழிலேயே பேசலாம்.

கடன்பட்டவரை வாட்டும் அச்சங்களுள் தலையாயது சிறை. 'போலீசு வரும், விலங்கு பூட்டும்' என்று தண்டல்காரர் மிரட்டுவார். உண்மை யாது? இது குறித்து நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு கொச்சியோடு தொடர்புடையது. கொச்சி வங்கி என்றொரு வங்கி முன்னர் இருந்தது. 1985-இல் அது பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. அவ்வங்கிக்கு இரண்டரை லட்ச ரூபாய் அளவில் தீர்ப்புக் கடன் செலுத்த வேண்டியவர்களைச் சிறையில் வைக்க ஆணை பிறந்தது. அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கொச்சியில் வாழ்ந்து, 2014-இல் மறைந்த பெருமகனார் அவர். வறுமையால் செலுத்த இயலாதவரைச் சிறையிடுதல் அரசியல் சட்டத்தின் 21-ஆம் உறுப்புக்கு மாறானது என்றும், கையில் பொருள் இருந்தும் வஞ்ச மனத்தோடு கொடாதவரையே சிறை தீண்டும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. உலக நாடுகள் ஏற்ற உடன்படிக்கை ஒன்றனையும் அவர் அங்கே எடுத்துக்காட்டினார். ஏழ்மை குற்றமன்று என்பதை நீதிமன்றம் இவ்வாறு அறுதியிட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அது தெரியாமல் இரவில் உறங்காதவர் எத்துணைப் பேர்!

ஜப்தியைப் பற்றிய அச்சமும் அத்தகையதே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றைக் கைப்பற்றலாகாது என்று பட்டியல் இடுகிறது. உடுத்த ஆடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் நீக்கலாகாத அணி ஆகியவற்றை அமீனா தொடக்கூடாது. நம் தாலி அவ்வணியுள் அடங்கும். கூலித் தொழிலாளியின் கூலியையும் வருங்கால வைப்பு நிதியையும் கைப்பற்ற இயலாது. மாதச் சம்பளத்திலும் முதல் ஆயிரம் ரூபாயும் மீதத்தில் மூன்றில் இரு பங்கும் காக்கப்படும். ஜீவனாம்ச வழக்கில் மட்டும் கணக்கு வேறு. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கடன் வாங்கும்போது நிரப்பாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பது பெருங்கேடு. கடன் குற்றமாகாது, ஆயின் கணக்கில் பணமின்றித் திரும்பும் காசோலை குற்ற வழக்காகும். வட்டிக்காரர் காசோலை கேட்பது அதனாலேயே.

இனித் திவால் என்பதைப் பார்ப்போம். வடநாட்டில் கடன் தாளாத வணிகன் பட்டப்பகலில் கடைவாயிலில் விளக்கேற்றி வைத்துத் தன் நிலையை அறிவிப்பான் என்றும், அவ்விளக்கிலிருந்தே 'திவாலா' என்னும் சொல் பிறந்தது என்றும் சொல்வர். நம்மூரில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்பர், 'ஐ.பி. கொடுத்துவிட்டான்' என்பதும் அதுவே. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அத்தகையவரைப் 'பாப்பர்' என்பர். எம்மொழியில் சொன்னாலும் ஏளனம் தொனிக்கவே சொல்கின்றனர். சட்டமோ அதனை ஏளனமாகக் கருதவில்லை. 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம், கடனைச் செலுத்த இயலாதவர் தம் கடன் 500 ரூபாயை எட்டியிருந்தாலே நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-இன் சட்டமும், கேரளத்துக்கு 1955-இன் சட்டமும் உண்டு. மனுவோடு சொத்துகளையும் கடன்களையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். ரிசீவர் ஒருவர் சொத்தை ஏற்று, கடன் கொடுத்தோர்க்கு விகிதப்படி பகிர்வார். பின்னர் நீதிமன்றம் விடுவித்தால், வஞ்சகத்தால் வந்தவை போன்ற சில நீங்கலாக, எஞ்சிய கடன்கள் தொலையும். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்திலும் தனி மனிதர்க்கு ஒரு பகுதி உண்டு. எனினும் அது, குழுமக் கடனுக்குப் பிணை நின்றோர்க்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது.

திவால் மனு இறுதி மருந்து. அதற்கு முன்னரே பிடிக்கத்தக்க கைகள் உண்டா என்பதே நாம் ஆராய வேண்டுவது. ஏலூரின் தெருக்களிலேயே அதற்கு விடை இருக்கிறது. கேரளத்தில் 1998-ஆம் ஆண்டு மே மாதம் மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த 'குடும்பஸ்ரீ' என்னும் இயக்கத்தை அங்கே வாழும் தமிழ்ப் பெண்கள் நன்கறிவர். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம். குடும்பத்துக்கு ஒருவராக, பதினெட்டு வயது நிரம்பிய பெண் அதில் சேர்வார். வாரம் ஒருமுறை யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவர். ஆளுக்குச் சிறுதொகை சேமிப்பாகக் கொண்டுவருவர். சேர்ந்த தொகையிலிருந்து தேவைப்பட்டவருக்குக் கடன் தருவர். யாருக்கு எவ்வளவு, எதற்காக என்பது எல்லாரும் கேட்கச் சொல்லப்பட்டுக் குறிப்பேட்டில் எழுதப்படும்.

இம்முறையில் பணத்தைவிடப் பெரியது, அந்த உரக்கச் சொல்லும் வழக்கம். 'மகனுக்குக் கல்லூரிக் கட்டணம், ஐயாயிரம் குறைகிறது' என்று பதினைந்து பெண்கள் நடுவில் சொல்லப் பழகிய ஒருத்திக்கு, 'தண்டல்காரரிடம் முப்பதாயிரம் வாங்கிவிட்டேன்' என்று சொல்வதும் ஒருநாள் இயலும். முதற்சொல்லைப் பழகாதவர்க்கு இரண்டாவது நாவில் எழாது. 2018 வெள்ளத்துக்குப் பின்னர் வீட்டுப் பொருள் இழந்த பெண்களுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை வட்டியை அரசே ஏற்கும் கடன் இக்கூட்டங்கள் வழியாகவே வழங்கப்பட்டது. அதே ஆண்டில் பாலக்காட்டு மாவட்டத்தில் 'முற்றத்தெ முல்ல' என்ற திட்டம் தொடங்கிற்று. முற்றத்து முல்லை என்பது பொருள். கூட்டுறவு வங்கிகள் அயல்கூட்டப் பெண்கள் வாயிலாக வீட்டு வாயிலிலேயே சிறுகடன் கொடுத்து வாரந்தோறும் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. வட்டிக்காரர் வரும் அதே வாயில், அதே வாரத் தவணை. வட்டியோ ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. முன்னர்க் கணக்கிட்ட தண்டலோடு இதனை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டம் என்றவுடன் எல்லாம் நன்மையே என்று நாம் மயங்குவதற்கில்லை. சிறுகடன் நிறுவனங்கள் பெண்களைப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒருவர் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்று பிணைக்கின்றன. அங்கே கூட்டம் துணையாவதில்லை, காவலாகிறது. தவணை நாளில் பணமில்லாதவள் வீட்டின் முன் உடன் உறுப்பினரே அமர்ந்து வசைபாடும் காட்சி நம் ஊர்களிலும் உண்டு. ஒரு கூட்டம் நமக்கு உதவுமா என்று அறிய எளிய உரைகல் ஒன்றுண்டு. கடனைச் சேர்ப்பதற்குக் கூடுகின்றனரா, கடனைக் குறைப்பதற்குக் கூடுகின்றனரா? பணமே கொடுக்காமல், கடன்பட்டோர் ஒருவர்க்கொருவர் காதும் வாயும் ஆவதற்கென்றே கூடும் குழுக்கள் அமெரிக்க நாட்டில் 1976 முதல் நடைபெறுகின்றன. பெயர் சொல்ல வேண்டுவதில்லை. பட்ட பாட்டைச் சொன்னால் போதும். குடிப்பழக்கத்தை விட விரும்பினோர் கூடிய குழுக்களிலிருந்து கிளைத்த முறை அது.

நமக்கு இது புதிதென்று எண்ண வேண்டா. திருவேங்கடமுடையான் தன் திருமணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினான் என்றும், அதற்கு வட்டியை இன்றளவும் கட்டி வருகிறான் என்றும், அடியார் உண்டியலில் இடுவது அதன் பொருட்டே என்றும் மக்கள் நம்புகின்றனர். கடவுளின் கடனை நம் முன்னோர் மறைத்து வைக்கவில்லை. குழந்தைக்கும் கதையாகச் சொன்னார்கள். ஆளுக்கொரு காசு போட்டார்கள்.

மனிதருள் சான்று வேண்டுமாயின் வ. உ. சிதம்பரனாரைச் சொல்வோம். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் சிறையில் இருந்த காலத்திலேயே அந்நிறுவனம் நொடித்தது. 1912-இன் இறுதியில் வெளியே வந்தபோது வழக்கறிஞர் தொழிலும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வாணிகம் செய்து பார்த்தார். அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள், தாமே கூலிகளாகச் சென்று அல்லலுற்றவர்கள், அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். காந்தியடிகளோடு கடிதங்கள் பல நடந்து, 1916-இல் 347 ரூபாய் 12 அணா சிதம்பரனார் கைக்கு வந்தது. கடல் கடந்து போன தமிழர், தாயகத்தில் நொடித்துப்போன ஒருவரைத் தாங்கிய வரலாறு இது. பின்னர் வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைத்தும் வறுமை அவரை முற்றும் விடவில்லை. 1936-இல் மறையுமுன் அவர் எழுதிய உயிலில், வீட்டு வாடகை, கடைப் பாக்கி முதலிய சிறு கடன்களையும் குறித்து வைத்தார். கப்பலோட்டிய கை கடைப் பாக்கியை எழுதக் கூசவில்லை.

நாமும் எழுதுவதிலிருந்தே தொடங்கலாம். ஒரு தாளில் நான்கு பத்திகள் கீறுக. யாருக்கு என்பது முதற்பத்தி; வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்பது இரண்டாவது; வட்டி என்ன என்பது மூன்றாவது. நான்காவது பத்தியில், இக்கடன் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று எழுதுக. முதல் மூன்றையும் ஒருவர் தனியே நிரப்பிவிடுவார். நான்காவது வெற்றாக நிற்கும். எழுதிய தாளோடு ஞாயிற்றுக்கிழமை நம்பத்தக்க இருவரை நாட வேண்டும். அவர்களுள் ஒருவர் இத்துன்பத்தைப் பட்டு மீண்டவராயிருத்தல் நன்று. அவரிடம் பணம் கேட்கக்கூடாது. இது முதல் நிபந்தனை. இதனை முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் கதவைத் திறந்து வைப்பார். நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு பொங்கல் விழாவோடு அமையாமல், மாதத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கினால் என்ன? மேடையும் மாலையும் வேண்டா. பாயும் தேநீரும் போதும்.

அம்மாலையில் செய்யத்தக்கவை சில உள. அரிசிக்கும் வாடகைக்கும் பள்ளிக்கும் உரிய தொகையை முதலில் எடுத்து வைத்து, மீதத்தையே கடன்களுக்குப் பங்கிட வேண்டும். மிரட்டுபவருக்கு முதலில் என்று கொடுத்தால் மிரட்டுவதற்கு விலை ஏறும். வங்கிக் கடனாயின், தவணை தவறுமுன்பே நிலையை விளக்கி எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். கடிதம் எழுத மொழி தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதித் தரலாம்; ஏலூரில் மலையாளம் எழுதத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றனர். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தவணைக்காகக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைத்தல் ஆகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. கைபேசியில் கடன் தரும் செயலிகள் நம் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தலாகாது என்று அடுத்த மாதமே விதித்தது. படத்தை மாற்றி உறவினர்க்கெல்லாம் அனுப்பி மானத்தை வாங்கும் செயலிகள் அவ்விதிக்குப் புறம்பானவை. அவற்றின் மேல் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். வங்கியின் மீது முறையிட 14448 என்ற எண் உண்டு.

நீதிமன்ற அறிவிப்பு வந்துவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாட வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் இனத்தார், பழங்குடியினர்க்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்க்கும் அங்கே கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தருவர். ஊர் எது, மொழி எது என்பது அதற்குத் தடையன்று. 15100 என்ற எண்ணிலும் கேட்டறியலாம். வங்கிக் கடன் வழக்குகள் பல 'லோக் அதாலத்' என்னும் மக்கள் நீதிமன்றத்தில் வட்டி தள்ளுபடியோடு முடிகின்றன. அங்கே கட்டணம் இல்லை. ஆனால் இசைந்து கையெழுத்திட்டபின் மேல்முறையீடும் இல்லை. ஆதலின் தம்மால் கட்டவியலும் தொகைக்கே இசைய வேண்டும். எழுத்தர் மேசை முன் தனியே நிற்பவர் எத்தொகைக்கும் தலையாட்டிவிடுவார். தாளில் கணக்கை எழுதிய அந்த இருவருள் ஒருவரையேனும் அன்று உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஒருநாள் கூலி போவது பற்றி அவர் முணுமுணுத்தால், அக்கூலியைச் சங்கத்தார் கொடுக்கட்டும்.